ரேங்க் இல்லாத இருபத்தேழு

மாப்ள,

இன்று காலை ஆனையூர் மெயின் ரோட்டில் ஒரு ஜெராக்ஸ் கடையில் நின்றிருந்தேன். எனக்கு முன்னால் வந்த அம்மாவுக்கு ஏதோ ஒரு கார்டை லேமினேஷன் போட்டுக்கொண்டிருந்தாள் கடைப்பெண். மெஷின் சூடேறி பிளாஸ்டிக் லேசாக இளகும் வாசனை வந்தது. உன் சட்டையில் வருடக்கணக்காகக் குடியிருந்த வாசனை அது. நீ குளித்து முழுகி அத்தர் பூசிக்கொண்டு வந்தாலும் அத்தருக்கு அடியில் அது இருக்கும். "என்னத்தப் பூசுனாலும் நீ சூடான லேமினேஷன் பவுச்சு வாசந்தான்டா" என்று எத்தனை தடவை கேலி செய்திருப்பேன். இன்று அந்த வாசனை மூக்கில் ஏறியதும் கண் கலங்கிவிட்டது. நடுரோட்டில், காலை பத்து மணிக்கு, நாற்பத்தைந்து வயது ஆள். நீ பார்த்திருந்தால் ஒரு வாரத்துக்குச் சொல்லிச் சிரித்திருப்பாய்.

"உங்களுக்கு என்ன சார்?" என்றாள் கடைப்பெண்.

சட்டைப் பையிலிருந்து நம் இருபத்தேழாம் நம்பர் அட்டையை எடுத்துக் கொடுத்தேன். "இந்த லேமினேஷனப் பிரிக்க முடியுமாம்மா? உள்ள ஒரே ஒரு நம்பர் எழுதணும்."

அவள் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ஓரத்தை நகத்தால் கிள்ளிப் பார்த்தாள். "போடத்தான் சார் தெரியும், பிரிக்கத் தெரியாது. சூடு காட்டுனா பிளாஸ்டிக்கோட சேந்து படமும் உரிஞ்சு வந்துரும்." பிறகு சும்மா இருக்காமல் கேட்டாள். "யாரு சார் இந்தப் பச்ச முகமூடி? ரேங்க்னு போட்டுட்டுக் கட்டத்தக் காலியா விட்டுருக்கு?"

அந்தக் கேள்விக்கு நாள் முழுக்க உட்கார்ந்து பதில் சொல்லக்கூடியவர்கள் இந்த மதுரையில் இரண்டே பேர். ஒருவன் மண்ணுக்குள் போய் மூன்று மாதமாகிறது. இன்னொருவன் நான். "சும்மா, பழைய வெளையாட்டு அட்டைம்மா" என்று சொல்லி வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

உனக்கு நினைவிருக்கும். இல்லாமல் எங்கே போகும். எட்டாம் வகுப்பில் இருந்தபோது வந்தது அந்த சூயிங்கம். பாக்கெட்டுக்கு ஒரு மல்யுத்த வீரர் அட்டை. மொத்தம் நாற்பது வீரர்கள், அட்டைக்கு ஒரு வரிசை நம்பர். முன்பக்கம் படம், அடியில் உயரம், எடை, மார்பளவு, ரேங்க் என்று நான்கு கட்டங்கள். கேபிள் டிவி வந்த புதிது. ஊரில் இருக்கும் பையன்கள் எல்லாம் நாற்காலியைத் தூக்கி ஒருவனை ஒருவன் அடித்துக்கொண்டு திரிந்தோம். நான் கீழக்குயில்குடியிலிருந்து டவுன் பஸ்ஸில் வருவேன். நீ காஜிமார் தெருவிலிருந்து நடந்தே வந்துவிடுவாய். பள்ளிக்கூட வாசல் பெட்டிக்கடையில் ஆளுக்குப் பாதி போட்டு ஒரு பாக்கெட் வாங்குவோம். கம்மையும் பாதியாகப் பிய்த்து மெல்லுவோம். எனக்கு அந்தக் கம்மே பிடிக்காது. இரண்டு நிமிடத்தில் இனிப்பு போய் ரப்பர் ஆகிவிடும். அட்டைக்காகத்தான் மென்றேன்.

பாதிப் பாதி என்பதால் அட்டை யாருக்கு என்பது தினமும் ஒரு பஞ்சாயத்து. கடைசியில் நீதான் வழி கண்டுபிடித்தாய். மொத்தக் கட்டும் ஒரு வாரம் உன்னிடம், ஒரு வாரம் என்னிடம். திங்கட்கிழமை காலை பிரேயர் மணி அடிப்பதற்குள் கைமாற வேண்டும். காய்ச்சலில் படுத்தாலும் கைமாற வேண்டும். ஒரு தடவை அம்மை போட்டு நீ வீட்டில் கிடந்தபோது, உன் அத்தா கடையைத் திறக்கும் முன்பே வேப்பிலையும் கையுமாகப் பள்ளிக்கூடத்துக்கு வந்து கட்டை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். "இத ஒங்கிட்டக் குடுக்கலேன்னா அவனுக்கு அம்ம எறங்காதாம்ப்பா" என்றார்.

இருபத்தேழு வந்த நாள் எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. நீதான் பிரித்தாய். பச்சை முகமூடி போட்ட ஒருவன் கயிற்றில் சாய்ந்து நிற்கிறான். ஏதோ இங்கிலீஷ் பெயர். நாம் கடைசிவரை அதைச் சொன்னதே இல்லை. உயரம் இருக்கிறது, எடை இருக்கிறது, மார்பளவு இருக்கிறது. ரேங்க் கட்டம் மட்டும் வெள்ளையாக இருந்தது.

அன்றைக்கு மத்தியானமே அதைக் கையில் வைத்துக்கொண்டு நீ ஆட உட்கார்ந்துவிட்டாய். எதிரில் பாண்டி, நம் வகுப்பிலேயே பெரிய கட்டு வைத்திருந்தவன். ஒருவன் கட்டத்தின் பெயரைச் சொல்ல வேண்டும். இரண்டு பேரும் மேல் அட்டையைத் திருப்ப வேண்டும். தோற்றவன் அட்டையைக் கொடுக்க வேண்டும். பாண்டியின் மேல் அட்டையில் ரேங்க் இரண்டு. அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"ரேங்க்!" என்று கத்தினான். நீ மெதுவாகத் திருப்பினாய்.

"காலியா இருக்கு! செயிச்சுட்டேன், குட்றா அட்டைய."

"எப்புட்றா செயிச்ச? இவன் இன்னும் போட்டிக்கே வரல. வராதவனப் போயி தோக்கடிச்சேங்கிற?"

"அப்ப ஒனக்கும் செயிப்பு கெடையாதுல்ல?"

"கெடையாதுதான். அதுக்காக அட்டையும் ஒனக்குக் கெடையாது."

பாண்டி என்னைப் பார்த்தான். எனக்கு நியாயம் பேசும் வியாதி அப்போதே உண்டு. ஆனாலும் நான் வாயைத் திறக்கவில்லை. அந்த அட்டையை இழக்க எனக்கும் மனசில்லை. மணி அடித்தது, நாம் பிழைத்தோம். அதற்குப் பிறகு இருபத்தேழை ஆட்டத்துக்கு எடுத்துப் போனதே இல்லை.

நம் சண்டை தொடங்கியது அந்தக் காலிக் கட்டத்தில்தான். பள்ளிக்கூடத்தில் இன்னும் நாலைந்து பேருக்கு அதே காலி இருபத்தேழு கிடைத்திருந்தது. கிடைத்தவன் எல்லாம் அன்றைக்கே பால்பாயிண்ட் பேனாவால் '1' என்று எழுதிக்கொண்டான். நீயும் பேனாவைத் திறந்துவிட்டாய். நான்தான் கையைப் பிடித்தேன். நாற்பது பேருக்கும் ஒன்று முதல் நாற்பது வரை ரேங்க். ஒரு ரேங்க் ஒருவனுக்குத்தான். கையில் இருக்கிற எல்லா ரேங்க்கையும் நோட்டில் எழுதி அடித்துப் பார்த்தேன். நான்கு எண்கள் மிஞ்சின. ஒன்று, பன்னிரண்டு, பத்தொன்பது, முப்பத்து மூன்று. இன்னும் மூன்று அட்டை கிடைத்துவிட்டால் பச்சை முகமூடியின் ரேங்க் தானாகத் தெரிந்துவிடும்.

"முழு செட்டும் சேரட்டும்டா. அப்பறம் எழுதலாம்" என்றேன்.

"ஒனக்கு எல்லாத்துக்கும் ஆதாரம் வேணும். மூஞ்சியப் பாத்தாத் தெரியலயா? இவன் ஒண்ணுதான்."

"முகமூடி போட்டவன் மூஞ்சிய எங்கிட்டுப் போயிப் பாக்க?"

இதையே எத்தனை நாள் பேசினோம். சனிக்கிழமை நீ எங்கள் ஊருக்கு வருவாய். சமணர் மலையில் ஏறி, அந்தக் காலத்து முனிவர்கள் படுத்த கல் படுக்கையில் மல்லாந்து கிடப்போம். ஒரு தடவை அட்டையை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுத்திருந்தாய். "இம்புட்டுக் குளுச்சியா இருக்கேடா. இங்க படுத்திருந்தவுகளுக்கெல்லாம் என்ன ரேங்க்கோ" என்றாய். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. கீழே தாமரைக் குளத்தில் மாடு குளிப்பாட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

ஒரு மாதம் கழித்துத் திருத்திய அட்டை வந்தது. அதே பச்சை முகமூடி, அதே இருபத்தேழு, கட்டத்தில் 33. நான் அதைத் தூக்கிக்கொண்டு ஓடிவந்து உன் முகத்துக்கு நேரே நீட்டினேன். ஜெயித்துவிட்ட சந்தோஷம் எனக்கு. நீ அதை வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"அது வேற ஆளு" என்றாய். "நம்பர மறந்துட்டோமேன்னு அச்சடிச்சவனுக்கு வெக்கம். வாய்க்கு வந்த நம்பரப் போட்டுட்டான். நம்ம ஆளோட ரேங்க் இன்னும் வரல."

அதற்கு மேல் உன்னிடம் என்ன பேச முடியும்? நீ '1' எழுத நான் விடவில்லை. நான் '33' எழுத நீ விடவில்லை. வாரம் மாறி வாரம் கட்டு கைமாறியது. மற்ற அட்டைகளெல்லாம் ரப்பர் பேண்டு அறுத்து, மழையில் நனைந்து, முனை மழுங்கி ஒவ்வொன்றாகத் தொலைந்தன. இருபத்தேழை மட்டும் ஆளுக்காள் பொத்திப் பொத்தி வைத்தோம். தன் வாரத்தில் மற்றவன் எழுதிவிடுவானோ என்ற பயத்தில் ஒவ்வொரு திங்கட்கிழமையும் முதலில் அந்தக் கட்டத்தைத்தான் பார்ப்போம். காலியாகவே இருக்கும்.

பாலிடெக்னிக் முடித்து நான் திருப்பூர் கிளம்பினேன். பெரியார் பஸ் ஸ்டாண்டில் நீ வழியனுப்ப வந்தாய். அது என் வாரம். அட்டையை உன்னிடம் கொடுத்து, "திரும்பி வாரப்ப வாங்கிக்கிறேன்" என்றேன். நீ அத்தாவின் கடையில் உட்கார்ந்தாய். போட்டோவுக்குச் சட்டம் போட்ட கடை உன் காலத்தில் லேமினேஷன் கடை ஆனது. நான் பன்னிரண்டு வருடம் பனியன் கம்பெனியில் இருந்துவிட்டு மதுரைக்கே திரும்பி லாரி புக்கிங் ஆபீஸில் சேர்ந்தேன். கல்யாணம், குழந்தை, அலைச்சல். அட்டையை நான் கேட்கவில்லை. உன் வாரம் இருபது வருடத்துக்கு மேல் நீண்டுவிட்டது.

போன வருடத்துக்கு முந்தின வருடம், பழைய சாமான் சேகரிப்பவர்கள் போனில் நடத்தும் ஒரு குழுவில் அந்தப் படத்தைப் பார்த்தேன். பச்சை முகமூடி. கீழே ஒருவர் எழுதியிருந்தார்: ரேங்க் இல்லாத 27, முதல் அச்சு, பேனா எழுத்து இல்லாதது யாரிடமாவது இருக்கிறதா? உடனே அவருக்குப் போன் போட்டேன். சென்னைக்காரர். முப்பது வருடமாக இந்த மாதிரி அட்டைகளைத்தான் தேடுகிறாராம்.

கதையை அவர்தான் சொன்னார். அட்டைகள் சிவகாசியில் ஓர் அச்சகத்தில் அடித்தவை. படங்கள் ஒரு தடவை, எண்கள் மறு தடவை என்று தனித்தனியாக அச்சேறுமாம். முதல் அச்சில் அந்த ஒரு எண் மட்டும் விட்டுப்போய்விட்டது. கண்டுபிடித்துத் திருத்துவதற்குள் கொஞ்சம் பெட்டிகள் நம் பக்கத்துக் கடைகளுக்கு வந்துவிட்டன. "அடிச்சதே கம்மி. அதுலயும் கெடச்ச பசங்க எல்லாரும் பேனாவால எழுதிட்டாங்க. ஒருத்தர் ரப்பர் வச்சு அழிக்கப் போயி ஓட்டையே போட்டுட்டார்" என்றார். இதுவரை அவர் பார்த்த நான்கு காலி இருபத்தேழுகளிலும் பேனா எழுத்து இருந்ததாம். எழுதாதது ஒன்றுகூட வெளியில் வரவில்லை. முனை மழுங்காமல், மடிப்பு இல்லாமல், மினுமினுப்பு போகாமல், கட்டம் காலியாக ஓர் அட்டை இருந்தால் ஒரு நல்ல பழைய பைக் வாங்கும் காசு தருவேன் என்றார்.

நான் நல்லவன் வேஷம் போடப் போவதில்லை. காசு மேல் ஆசை வந்தது. அதைவிடப் பெரிய சந்தோஷம் ஒன்றும் இருந்தது. உலகத்தில் எல்லாப் பயல்களும் எழுதிக் கெடுத்ததை நாம் இரண்டு பேர் மட்டும் சண்டை போட்டே காப்பாற்றியிருக்கிறோம். அதை உன்னிடம் சொல்ல வேண்டும் என்று துடித்தேன்.

"மாப்ள, இருபத்தேழு இருக்கா?" என்றேன் போனில்.

நீ சிரித்தாய். "பத்தரமா இருக்கு. பாத்தா அசந்து போயிருவ."

"கட்டம்?"

"அப்புடியே இருக்குடா. தொடல."

சென்னைக்காரர் அடுத்த வாரமே ரயிலேறி வந்தார். கையில் ஒரு பூதக்கண்ணாடி, வெள்ளைக் கையுறை. உன் கடையில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தாய், ஜிகர்தண்டா வாங்கிக் கொடுத்தாய். பிறகு மேஜை டிராயரைத் திறந்து, துணியில் சுற்றிய அட்டையை எடுத்துப் பிரித்தாய். கனமான லேமினேஷன். நான்கு மூலையும் வளைத்து வெட்டியிருந்தாய். ஒரு காற்றுக் குமிழிகூட இல்லை. உன் கைவேலையிலேயே அது ஒன்றாம் நம்பர் வேலை.

"நூறு வருசமானாலும் ஒண்ணும் ஆவாது சார்" என்றாய். உன் முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அவர் கையுறையைப் போடவே இல்லை. பூதக்கண்ணாடியையும் பைக்குள் வைத்துவிட்டார். சூட்டில் பசை அட்டைக்குள் இறங்கிவிடும், இனி அதை எடுக்க முடியாது, சேகரிப்பவர் யாரும் இதைத் தொட மாட்டார் என்று பொறுமையாகத்தான் சொன்னார். "கட்டம் காலியா இருக்கு. ஆனா என்ன செய்ய, இது இப்ப வெறும் பிளாஸ்டிக் சார்."

நான் சொன்னதை எழுத இப்போதும் கை கூசுகிறது. எழுதுகிறேன், நீ மறுபடி ஒரு தடவை கேட்டுக்கொள். "எதக் கண்டாலும் பிளாஸ்டிக்குக்குள்ள தள்ளுற புத்திடா ஒனக்கு. ஒன்கிட்டக் குடுத்தேன் பாரு, என்னச் சொல்லணும்." வெளி ஆள் ஒருவர் முன்னால், உன் கடையில் வைத்து, உன் தொழிலைச் சொல்லித் திட்டினேன்.

நீ கோபப்படவில்லை. "மாப்ள, கேளுடா, அது எதுக்குப் போட்டேன்னா..." என்று ஆரம்பித்தாய். நான் செருப்பை மாட்டிக்கொண்டிருந்தேன். நீ வாசல் வரை வந்து அட்டையை நீட்டினாய். "சரி, கோவத்த விடு. இது ஒன் வாரம்டா. எடுத்துட்டுப் போ."

"இனி எல்லா வாரமும் ஒன்னோடதுதான். நீயே வச்சுக்க" என்றேன்.

நான் உன்னிடம் பேசிய கடைசி வார்த்தை அதுதான்.

அதற்குப் பிறகு பதினான்கு மாதம். நோன்பு வந்தது. வழக்கம்போல் உன் வீட்டிலிருந்து தூக்குவாளியில் நோன்புக் கஞ்சி வந்தது. ஒவ்வொரு வருடமும் அந்த வாளியில் ஏதாவது போட்டுத்தான் திருப்பி அனுப்புவோம். வெறும் வாளியாகக் கொடுக்கிற பழக்கம் உன் வீட்டிலும் இல்லை, என் வீட்டிலும் இல்லை. அந்த வருடம் நான் அதைக் கழுவித் துடைத்து வெறுமனே அனுப்பினேன். என் மனைவி, நீ தங்கச்சி தங்கச்சி என்று கூப்பிடுவாயே, அவள் கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தை எடுத்துக்கொண்டு பின்னாலேயே வந்தாள். வேண்டாம் என்று தடுத்தேன். அவள் பழத்தை மேஜையில் வைத்துவிட்டுப் போனாள். அந்தப் பழத்தை யாரும் சாப்பிடவில்லை.

உன்னைப் பார்க்க வேண்டும் என்று தோன்றாமல் இல்லை. உன் கடைக்குப் பக்கத்தில், டவுன்ஹால் ரோடு வரை இரண்டு தடவை வந்தேன். நீ முதலில் கூப்பிடட்டும் என்று திரும்பிவிட்டேன். யார் முதலில் என்பதிலும் எனக்கு ரேங்க் வேண்டியிருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை உன் பக்கத்துக் கடைக்காரர் போன் செய்தார். "அண்ணே, நெஞ்சு வலின்னாரு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." ஜும்மா தொழுகை முடிந்து அடக்கம் செய்தார்கள். மையவாடியில் நான் கடைசியில் நின்றேன். எல்லோரும் மூன்று பிடி மண் போட்டார்கள். நானும் போட்டேன். உன் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்க்கவில்லை, மாப்ள. கூட்டத்தில் முன்னால் போகும் உரிமை எனக்கு இருக்கிறதா என்று தெரியவில்லை.

நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு உன் வீட்டிலிருந்து அழைத்தார்கள். எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு உன் மனைவி ஒரு கவரைக் கொண்டுவந்து கொடுத்தார். உள்ளே இருபத்தேழு.

"இது ஒங்க வாரம்ணே. வந்தாக் குடுக்கணும், வந்தாக் குடுக்கணும்னு சொல்லிக்கிட்டே இருந்தாக" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். அவர் மெதுவாகச் சொன்னார். "நீங்க கோவிச்சுட்டுப் போனது தெரியும்ணே. அவுக அத எதுக்கு லேமினேஷன் போட்டாகன்னு ஒங்களுக்குத் தெரியாது. பாப்பாவுக்கு அப்ப நாலு வயசு. அட்டைய எடுத்து வச்சுக்கிட்டு ஸ்கெட்ச் பேனாவோட உக்காந்திருந்தா. அந்தக் கட்டத்துல எழுதப் போனா. அவுக பறந்து வந்து புடுங்குனாக. பிள்ள வீறிட்டு அழுகுது, அதக்கூடப் பாக்கல. லீவு நாளு, கடையத் தெறந்து மெஷினப் போட்டு அப்பவே அத மூடிக் கொண்டாந்தாக. 'இதுல நம்பர் எழுதுறது நானும் அவனும் பேசி முடிக்க வேண்டிய விசயம், பிள்ள கையால முடிஞ்சிரக் கூடாது'ன்னாக."

நீ வாசலில் நின்று சொல்ல வந்தது இதைத்தான். நான் அரை நிமிடம் நின்றிருந்தால் கேட்டிருப்பேன்.

அந்த நாளிலிருந்து எனக்கு ஒரே எண்ணம்தான். பிளாஸ்டிக்கைப் பிரிக்க வேண்டும். கட்டத்தில் '1' என்று எழுத வேண்டும். முப்பத்து மூன்று இல்லை மாப்ள, ஒன்று. நீ சொன்னதே இருக்கட்டும், நான் தோற்றுவிட்டேன் என்று ஒரு தடவையாவது உன்னிடம் சொல்ல வேண்டும். வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. மனைவி அவள் அம்மாவுக்கு முடியவில்லை என்று உசிலம்பட்டியிலேயே இருக்கிறாள். பையன் கோயம்புத்தூர் ஹாஸ்டலில். வீட்டில் நானும் இந்த அட்டையும்தான். பேனாவை வைத்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்திருப்பது? அதனால்தான் இன்று ஜெராக்ஸ் கடைக்குப் போனேன்.

அந்தப் பெண் முடியாது என்றதும் வீட்டுக்குத் திரும்ப மனசில்லை. பெரியார் பஸ் ஏறி உன் கடைக்கே போய்விட்டேன். ஷட்டர் பாதி ஏறியிருந்தது. உள்ளே உன் மகள் சாமான்களை அட்டைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். அவளுக்குச் சென்னையில் வேலை கிடைத்திருக்கிறது, தெரியுமா? அம்மாவையும் கூட்டிக்கொண்டு போகிறாள். கடை அடுத்த மாதம் கைமாறுகிறது. மெஷினை ஒருவர் பேசி முடித்துவிட்டாராம். அது உன் மேஜை மேல் துணி போர்த்தி இருந்தது.

"வாங்க மாமா" என்று ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள். அட்டையைக் கொடுத்து விஷயத்தைச் சொன்னேன்.

"மெஷின் இன்னும் இங்கதான் இருக்கு. சூடு காட்டிப் பாக்கவா மாமா? ஆனா பிரியாது" என்றாள். அட்டையின் ஓரத்தை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உன் சிரிப்பு. "நானும் வளந்தப்பறம் அத்தாட்டக் கேட்டேன். 'நீங்களும் மாமாவுந்தான் எழுதணும்ங்கிறீங்க. இப்புடி மூடிட்டீங்களே, இனிமே நீங்க மட்டும் எப்புடி எழுதுவீங்க'ன்னு."

"என்ன சொன்னான்?"

"'எழுதணும்னு யாருக்கு ஆச? எழுதிட்டா அவன் எதுக்கு என்னத் தேடி வரப் போறான்'னாரு."

அவள் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். மெஷின் மேல் போர்த்தியிருந்த துணியைக் கையால் தொட்டேன். அதிலும் அந்த வாசனை இருந்தது.

கிளம்பும்போது அட்டையை அவளிடம் நீட்டினேன். "இன்னைக்குத் திங்கக்கெழமைம்மா. இது ஒங்கத்தா வாரம்."

அவள் வாங்கவில்லை. "நாங்க ஊருக்குப் போறமே மாமா. ரெண்டு வாரத்தையும் நீங்களே வச்சுக்கங்க."

அந்தச் சென்னைக்காரர் போன வாரம் மறுபடி கூப்பிட்டார். லேமினேஷன் போட்டதாக இருந்தாலும் பரவாயில்லையாம், எழுதாத கட்டம் எப்படி இருந்தது என்பதற்குச் சாட்சியாக வைத்துக்கொள்கிறேன், ஏதோ கொஞ்சம் தருகிறேன் என்றார். சாட்சி என்று சரியாகத்தான் சொன்னார். தர முடியாது என்று சொல்லிவிட்டேன். காரணம் கேட்டார். அது எனக்குச் சொந்தமானது இல்லை, பாதிதான் என்னுடையது என்றேன்.

இப்போது சாயங்காலம். வந்ததும் பீரோவைத் திறந்து இரண்டு தட்டைக் காலி செய்தேன். மேல் தட்டு என்னுடையது, கீழ்த் தட்டு உன்னுடையது. என் வாரத்தில் அட்டை மேலே இருக்கும். எடுத்துப் பார்ப்பேன், வெளிச்சத்தில் பிடித்துக் கட்டத்தைச் சரிபார்ப்பேன். உன் வாரத்தில் கீழே இருக்கும். உன் வாரத்தில் நான் அதைத் தொட மாட்டேன்.

அது முப்பத்து மூன்றுதான் மாப்ள. அச்சிலேயே போட்டிருக்கிறான். நீ ஒத்துக்கொள்ள மாட்டாய், தெரியும்.

இன்று உன் வாரம் ஆரம்பம். அட்டையைக் கீழ்த் தட்டில் வைத்துப் பீரோவைச் சாத்திவிட்டேன். அடுத்த திங்கட்கிழமை, மணி அடிப்பதற்குள், வாங்கிக்கொள்ள வருவேன்.